பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது? நான்கு ஏற்பாடுகள், சில சமூகவியல் கேள்விகள்

இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்த எண்பது வயதுத் தாயை "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று மருத்துவமனை சொன்ன பிறகுதான், அவரை இனி யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே பெரும்பாலான குடும்பங்களில் தொடங்குகிறது. அதுவரை தனியாகவோ கணவருடனோ இருந்து சமாளித்து வந்தவர், இப்போது கழிவறைக்குப் போவதற்கும் ஒரு கை தேவைப்படும் நிலையில் இருக்கிறார். பிள்ளைகள் பில் கட்டும் இடத்துக்கு வெளியே நின்று அரை மணி நேரத்தில் எடுக்கும் முடிவு, அதன்பின் ஆண்டுக்கணக்கில் பலருடைய அன்றாடத்தை நிர்ணயித்துவிடுகிறது. முன்னால் இருக்கும் வழிகள் பொதுவாக நான்கு. ஒரு மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ நிரந்தரமாக வைத்துக்கொள்வது. பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு சில மாதங்களுக்கு ஒருவராக வைத்துக்கொள்வது. சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது. முதியோர் இல்லத்தில் சேர்ப்பது.

இந்த நான்கையும் ஒப்பிட நம் வீடுகளில் இரண்டே அளவுகோல்கள்தான் புழங்குகின்றன. எதில் பாசம் அதிகம் என்பது ஒன்று, எதில் செலவு குறைவு என்பது மற்றொன்று. பாசத்தை வைத்துப் பார்த்தால் முதல் வழி எப்போதும் முதலிடத்திலும் முதியோர் இல்லம் எப்போதும் கடைசியிலும் நிற்கும். செலவை வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே வரிசைதான் வரும், ஏனென்றால் வீட்டில் செய்யப்படும் வேலைக்கு யாரும் விலை போடுவதில்லை. கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் குடும்பம், உழைப்பு, நிறுவனங்கள் பற்றிச் சமூகவியலாளர்கள் எழுதியவற்றைப் படித்த பிறகு, இந்த இரு அளவுகோல்களுக்குப் பதிலாக வேறு இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்வதே நல்லது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். வேலையை யார் செய்கிறார்கள், அவர்கள் செய்வது மற்றவர்கள் கண்ணில் படுகிறதா என்பது முதல் கேள்வி. முதியவரின் ஒரு நாளில் எவ்வளவு பகுதி அவர் கையில் இருக்கிறது என்பது இரண்டாவது. இந்தக் கேள்விகளைக் கேட்டால் வரிசை மாறிவிடுகிறது.

இது ஏன் ஒவ்வொரு வீட்டின் சொந்தத் தலைவலியாக வந்து சேர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணிப்புகளின்படி 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, கேரளத்தின் 16.5 விழுக்காட்டுக்கு அடுத்த இடம் நமக்கு. ஒரு பெண்ணுக்கு இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் என்ற அளவுக்குப் பிறப்பு குறைந்த மாநிலம் இது. இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் துபாயிலோ டல்லஸிலோ இருப்பார். மற்றவர் பெங்களூரில் வாடகை வீட்டில் இருப்பார். ஜெர்மானியச் சமூகவியலாளர் உல்ரிக் பெக் 1986இல் எழுதிய நூலில், சமூக அமைப்பு தானே உண்டாக்கும் முரண்பாடுகளுக்குத் தனிமனிதர்கள் தம் வாழ்க்கைக்குள்ளேயே தீர்வு தேடும்படி நவீன சமூகம் செய்துவிடுகிறது என்றார். வேலைச் சந்தை பிள்ளைகளை வெளியூருக்கு இழுக்கிறது. மருத்துவம் ஆயுளை நீட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே விழும் பள்ளத்தை நிரப்பும் பொறுப்பு மட்டும் அந்தந்தக் குடும்பத்துக்கு. அரசின் பங்கு இல்லாமல் இல்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. முதியோர் ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் படுக்கையில் இருப்பவரை இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க எந்தத் திட்டத்திலிருந்தும் ஆள் வருவதில்லை. ஆகவே "நம் குடும்பம் சரியில்லை" என்ற குற்ற உணர்விலிருந்து பேச்சைத் தொடங்காமல் இருப்பது, முடிவெடுக்க உட்காரும் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்குப் பெரிய உதவி.

முடிவு உண்மையில் எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் பற்றி ஜேனட் ஃபின்ச், ஜெனிஃபர் மேசன் என்ற இரண்டு பிரிட்டிஷ் சமூகவியலாளர்கள் மான்செஸ்டர் பகுதிக் குடும்பங்களை ஆராய்ந்து 1993இல் எழுதியது நம் ஊருக்கும் அப்படியே பொருந்துகிறது. உறவுக் கடமை என்பது எழுதிவைத்த விதிப்படி நடப்பதில்லை, அது பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகப் பேசியும் பேசாமலும் உருவாகிறது என்பது அவர்கள் கண்டது. அந்தப் பேரத்தில் முக்கியமான சரக்கு, மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளும் சாக்கு. நம் வீடுகளில் எந்தச் சாக்கு செல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். "பையனுக்கு இந்த வருஷம் பன்னிரண்டாவது", "எங்களது மாடி வீடு, லிஃப்ட் இல்லை", "எனக்கு விசா அப்படி" ஆகியவை செல்லும். "எனக்கு விருப்பமில்லை" என்பதோ "எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாது" என்பதோ செல்லாது. மகனின் வேலை சாக்காகச் செல்லும் அளவுக்கு மருமகளின் வேலை செல்வதில்லை. திருமணமாகாத மகளுக்கும், உள்ளூரிலேயே தங்கிவிட்ட கடைசிப் பிள்ளைக்கும் சாக்கே கிடையாது. யார் பொருத்தமானவர் என்று ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, சாக்கு இல்லாதவர் தலையில் பொறுப்பு தானாகவே இறங்கியிருக்கும்.

பிள்ளை வீட்டில் நிரந்தரமாக

நான்கில் இதற்குத்தான் ஊர் நற்சான்று தருகிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு குறியீட்டு மூலதனம் என்று அழைத்தது இதைத்தான் என்று சொல்லலாம்: பெற்றோரை வீட்டோடு வைத்துப் பார்ப்பவர் என்ற பெயர், பிள்ளைகளுக்கு வரன் பேசும்போதுகூட எடைபோடப்படும் சொத்து. கவனிக்க வேண்டியது, அந்தப் பெயர் யார் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது, அதற்கான உழைப்பு யார் கணக்கில் பற்று எழுதப்படுகிறது என்பதுதான். "அவர் அம்மாவைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்" என்று சொல்லும்போது அந்த 'அவர்' பெரும்பாலும் மகன், பார்த்துக்கொள்பவர் மருமகள்.

இது வெறும் மனத்தாங்கல் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டிருந்தார்கள். குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோரைப் பராமரிப்பதில் பெண்கள் 134 நிமிடங்கள், ஆண்கள் 76 நிமிடங்கள். இவை அந்த வேலையைச் செய்தவர்களின் சராசரிகள் மட்டுமே. வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களே 26.1 விழுக்காட்டினர்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1989இல், அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அங்கே இரண்டாவது ஷிஃப்ட் காத்திருக்கிறது என்றும், அது ஆண்டுக்கு ஒரு மாத அளவுக்குக் கூடுதல் உழைப்பாகத் திரள்கிறது என்றும் கணக்கிட்டார். அவர் பார்த்தவை பெரும்பாலும் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள். குழந்தை வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த ஷிஃப்டுக்கு உண்டு. முதியவரைப் பார்ப்பதில் நாள் போகப்போக வேலை கூடுகிறது.

இதில் கண்ணுக்குத் தெரியாத பகுதியைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர். 35 தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019இல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டின் மூளை வேலையை அவர் நான்கு படிகளாகப் பிரித்தார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழிகள் என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் படியில் கணவனும் மனைவியும் ஏறக்குறைய சமமாக இருக்க, முதல் படியும் கடைசிப் படியும் பெண்களிடமே தங்கிவிட்டன. முதியவர் இருக்கும் வீட்டுக்கு இதை அப்படியே எடுத்து வரலாம். எந்த டாக்டரிடம் காட்டுவது என்று மகன் முடிவு செய்வார். சனிக்கிழமையோடு பிரஷர் மாத்திரை தீர்ந்துவிடும் என்பது மருமகளுக்குத்தான் தெரியும். இரண்டு நாளாக மலம் போகவில்லை என்பதும், முதுகுத்தண்டின் கீழே தோல் சிவந்திருக்கிறது என்பதும், அது படுக்கைப் புண்ணாக மாறுவதற்குள் ஏர் பெட் வாங்க வேண்டும் என்பதும் அவருக்கே தெரியும். "நானும்தான் பங்கெடுக்கிறேன்" என்று மகன் சொல்வது பொய்யில்லை. அவர் பங்கெடுப்பது மூன்றாவது படியில்.

சட்டமும் இங்கே விசித்திரமான ஓர் இடத்தில் நிற்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தை அணுகும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்த வரையறையில் இல்லை. சட்டப்படி கடமை இல்லாத ஒருவர்தான் வழக்கப்படி முக்கால் பங்கு வேலையைச் செய்கிறார் என்றால், அவருக்கும் மாமியாருக்கும் இடையே வரும் உரசலைக் குணக்கேடு என்று மட்டும் படிப்பது நியாயமாகாது. ஹோக்‌ஷீல்ட் நன்றியின் பொருளாதாரம் என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்: ஒருவர் பரிசாகக் கொடுப்பதை மற்றவர் கடமையாகப் பெற்றுக்கொண்டால் அங்கே நன்றி பிறப்பதில்லை. விடியற்காலை எழுந்து மாமியாருக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவதைத் தான் கூடுதலாகத் தரும் ஒன்றாக மருமகள் நினைக்கிறார். அது மருமகள் என்றால் செய்ய வேண்டியதுதானே என்று மாமியார் நினைக்கிறார். இருவரும் கெட்டவர்கள் இல்லாமலேயே அந்த வீட்டில் கசப்பு ஊறும்.

ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் "யார் வீட்டில்" என்பதோடு பேச்சை நிறுத்தினால் எதையும் தீர்மானிக்கவில்லை என்றுதான் பொருள். இரவில் எழுவது யார், குளிப்பாட்டுவது யார், மாதத்தில் எந்த நாட்களில் அந்த வீட்டுக்காரர்கள் வெளியூர் போகலாம், அப்போது யார் வந்து தங்குவது என்பவை பெயரோடு பேசப்பட்டால்தான் இது ஓர் ஏற்பாடு. வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த வருமான இழப்பை மற்ற பிள்ளைகள் ஈடுகட்டுவது பல வீடுகளில் அவமானமாகக் கருதப்படுகிறது. அந்தக் கூச்சம்தான் மற்றவர்களுக்கு மிக மலிவாக முடிகிறது.

முறை போட்டுக்கொள்வது

பிள்ளைகளுக்குள் நியாயம் என்று பார்த்தால் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை. முதியவருக்கு இதைவிட மோசமானதும் அதிகம் இல்லை. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1971இல் மனிதர் தம்மைச் சுற்றி வைத்துக்கொள்ளும் எல்லைகளைப் பற்றி எழுதும்போது, இடம், பொருள், முறை, தன்னைப் பற்றிய தகவல் என்று பலவற்றை வரிசைப்படுத்தினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் எழுபத்தெட்டு வயதுத் தந்தைக்கு இவற்றில் எதுவும் நிலைப்பதில்லை. அவருக்கென்று ஓர் அலமாரித் தட்டு இல்லை. டிவி ரிமோட்டில் உரிமை இல்லை. ஹாலில் கட்டில் போட்டுப் படுப்பதால் விளக்கை எப்போது அணைப்பது என்பதும் அவர் கையில் இல்லை. மருத்துவச் சீட்டுகள் ஒரு ஊரில், பழகிய டாக்டர் இன்னொரு ஊரில், பேசிச் சிரிக்கும் நண்பர்கள் மூன்றாவது ஊரில். ஒவ்வொரு வீட்டிலும் அவர் விருந்தாளி. விருந்தாளிக்கு மரியாதை உண்டு, அதிகாரம் கிடையாது.

ஒரே ஊரில், நடந்துபோகும் தொலைவில் பிள்ளைகள் இருந்தால் கதை வேறு. அப்போதுகூட முதியவரை நகர்த்தாமல், அவர் இருக்கும் வீட்டுக்குப் பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு வருவதே மேல்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பது

இந்த வழிக்கு எதிராக முதலில் வரும் வாதம், காசுக்குச் செய்பவர் பாசத்தோடு செய்வாரா என்பது. பொருளாதாரச் சமூகவியலாளர் விவியானா செலைசர் 2005இல் இந்த வாதத்தின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கினார். பணமும் நெருக்கமும் ஒன்றையொன்று கெடுக்கும் இரு பகை உலகங்கள் என்று நாம் நம்புகிறோம். ஆனால் நடைமுறையில் மனிதர்கள் இரண்டையும் எப்போதும் கலந்தே வாழ்கிறார்கள், எந்த உறவுக்கு எந்த வகைப் பணம் பொருந்தும் என்று கவனமாகப் பொருத்திக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். மொய் நோட்டும் சீர்வரிசையும் தீபாவளிப் படியும் உள்ள சமூகத்துக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. நான்கு ஆண்டுகள் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டித் தலைசீவிவிட்ட பெண், அவர் இறந்த அன்று அழுவது சம்பளத்துக்காக அல்ல என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டோடு தங்கும் பெண்ணுக்கு வேலை நேரம் எப்போது முடிகிறது? ஏஜென்சி மூலம் வருபவர் என்றால், குடும்பம் கட்டும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பது பெரும்பாலும் குடும்பத்துக்கே தெரியாது. நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பவர் இரவில் நான்கு முறை எழுந்தால், பகலில் தூங்க அவருக்கு இடமும் நேரமும் உண்டா? பேச்சு நோயாளியை மட்டும் பார்ப்பது என்றிருக்க, இரண்டாவது வாரத்தில் பாத்திரமும் மூன்றாவது வாரத்தில் எல்லோர் துணியும் சேர்ந்துகொள்கின்றன. தனித் தட்டு, தனி டம்ளர், சமையலறைக்குள் எந்தக் கோடு வரை வரலாம் என்பது போன்ற சாதி வழக்கங்களும் இங்கே வாய்திறக்காமல் வேலை செய்கின்றன. பாட்டியின் மலத்தைச் சுத்தம் செய்ய வேண்டிய கை, அதே பாட்டியின் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்ற வீடுகள் இன்னும் இருக்கின்றன. செலைசரின் நூலில் இதற்கு விடை கிடைக்காது. அமெரிக்க நீதிமன்ற வழக்குகளை வைத்து எழுதப்பட்ட கோட்பாட்டில் சாதிக்கு இடமில்லை. நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஹோக்‌ஷீல்ட் 2000ஆம் ஆண்டில் பராமரிப்புச் சங்கிலி என்ற கருத்தை முன்வைத்தார். பணக்கார நாட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏழை நாட்டுத் தாய் வருகிறார், அவர் குழந்தையை அங்கே அதைவிட ஏழ்மையான ஒருவர் பார்த்துக்கொள்கிறார், அவருடைய குழந்தையை அதன் அக்கா பார்த்துக்கொள்கிறாள். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து ஒரு வீட்டில் தங்கிப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் ஊரில் ஒரு தாய் இருப்பார். அந்தத் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று போன் வரும் நாளில் இந்த வீடு "இப்போது லீவு கேட்டால் எப்படி?" என்று கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நிலை வராதபடி, மாற்று ஆளுக்கும் வார விடுமுறைக்கும் தொடக்கத்திலேயே வழி செய்துவைக்க முடியாத குடும்பத்துக்கு, இந்த வழியின் உண்மையான செலவு இன்னும் தெரியவில்லை என்றே சொல்வேன்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், நடமாட்டம் ஓரளவு இருக்கும் முதியவருக்கு, அவருடைய சொந்த வீட்டிலேயே ஆள் வைப்பது மற்ற மூன்றையும்விட நல்லது என்பது என் முடிவு. மகன் வீட்டில் ஆள் வைத்தால் அந்த ஆளுக்கு முதலாளி மருமகள். முதியவரின் வீட்டிலேயே வைத்தால் முதலாளி முதியவர்தான். கோலம் போடுவதா வேண்டாமா, இன்றைக்கு வற்றல்குழம்பா கீரையா என்பதை அவரே சொல்வார். வியன்னாவில் முதியோரை ஆராய்ந்த லியோபோல்ட் ரோசன்மாயரும் ஏவா கோக்கைஸும் 1963இலேயே, முதியவர்களில் பலர் விரும்புவது பிள்ளைகளோடு ஒரே கூரையை அல்ல, தொலைவு காக்கும் நெருக்கத்தையே என்று எழுதினார்கள். "எங்களுக்கு முடியும்வரை இங்கேயே இருந்துவிட்டுப் போகிறோம்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் வீம்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது ஆராய்ந்தே சொன்ன விருப்பம்.

முதியவர் எப்போதும் பெறும் இடத்திலேயே இருக்கிறார் என்பதும் நடுத்தர வர்க்கத்து நினைப்புதான். சென்னையின் வறிய குடியிருப்புகளில் நெடுங்காலம் ஆய்வு செய்த பென்னி வேரா-சான்சோ, அங்கே வயதான பெண்கள் தெருவில் வியாபாரம் செய்வதையும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இளைய பெண்களை வேலைக்கு அனுப்புவதையும், அவர்கள் உழைப்பில் குடும்பம் நிற்பதையும் காட்டியிருக்கிறார். அந்த வீடுகளில் இந்தக் கட்டுரையின் நான்கு வழிகளில் இரண்டுக்குப் பேச்சே இல்லை.

முதியோர் இல்லம்

இல்லங்களைப் பற்றி நமக்குள்ள அச்சத்துக்கு மிக வலுவான கோட்பாட்டுத் துணை கோஃப்மன் 1961இல் எழுதியதுதான். வாஷிங்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்த ஒரு மனநல மருத்துவமனையில் 1955–56இல் அவர் களப்பணி செய்தார். தூங்குவது, வேலை செய்வது, பொழுதைக் கழிப்பது எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ், எல்லோரும் கூட்டமாக, ஒரே மாதிரி நடத்தப்பட்டு, மணியடித்தபடி, எல்லாமே நிறுவனத்தின் திட்டத்துக்காக. இப்படிப்பட்ட இடத்தை அவர் முழுமை நிறுவனம் என்றார். உள்ளே வருபவரின் உடை, உடைமை, பெயர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, வெளியே அவர் யாராக இருந்தார் என்பது அழிகிறது என்றும் காட்டினார்.

இதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், பார்க்கப் போகும்போது கையில் வைத்துக்கொள்ளும் கேள்விப் பட்டியலாக எடுத்துக்கொள்வதே பயன். இரவு உணவு எத்தனை மணிக்கு? மாலை ஐந்தரைக்கு என்றால், அது முதியவர்களின் பசியைப் பார்த்து வைத்த நேரமா, சமையல்காரர் கிளம்பும் பஸ்ஸைப் பார்த்து வைத்த நேரமா? சொந்த பீரோவையும் சாமிப் படத்தையும் கொண்டுவர முடியுமா? வாசல் பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம்? ஊழியர்கள் அவர்களைப் பெயர் சொல்லி, மரியாதையோடு அழைக்கிறார்களா, இல்லை எல்லோருமே "பாட்டி", "தாத்தா"தானா? முன்னறிவிப்பு இல்லாமல் பிள்ளைகள் வரலாமா? தரையின் பளபளப்பையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வருவதைவிட இவற்றுக்கான பதில்கள் அதிகம் சொல்லும். தொண்டு நிறுவனம் நடத்தும் இலவச இல்லத்திலிருந்து, கோவைப் பக்கம் வீடு வாங்கிக் குடியேறும் ஓய்வுக்காலக் குடியிருப்பு வரை எல்லாவற்றையும் நாம் ஒரே பெயரில் அழைத்து ஒரே முகச்சுளிப்போடு ஒதுக்குவதால், இந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கமே நமக்கு வரவில்லை.

கோஃப்மனின் கேள்விகளை வீட்டுப் பக்கமும் திருப்பலாம். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வேலைக்குப் போய்விட, மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை பூட்டிய கதவுக்குள் தனியாக இருக்கும் முதியவரின் நாள், நல்ல இல்லத்தில் இருப்பவரின் நாளைவிடச் சுதந்திரமானது என்று எப்படிச் சொல்வது? கொல்கத்தாவின் முதியோர் இல்லங்களில் ஆய்வு செய்த மானுடவியலாளர் சாரா லேம்ப், அங்கே இருந்தவர்களில் கைவிடப்பட்ட துயரத்தைப் பேசியவர்களையும் கண்டார். தம் வயதினரோடு பேசிப் பழகும் வாய்ப்பையும் மருமகளுக்குக் கட்டுப்படாத நாளையும் விரும்பியவர்களையும் கண்டார். இரண்டும் உண்மை. நினைவாற்றல் இழப்பு முற்றி, இரவில் வாசலைத் திறந்துகொண்டு நடந்துவிடும் ஒருவருக்கு, மூன்று ஷிஃப்டில் ஆள் மாறும் இடம் ஒரே மருமகள் விழித்திருக்கும் வீட்டைவிடப் பாதுகாப்பானது. இந்த நிலையில் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தைக் கைகழுவிவிட்டது என்று பேசுவது அறியாமை. ஒரு நிபந்தனை மட்டும்: பிள்ளைகளில் ஒருவராவது வாரத்துக்கு இரண்டு முறை, சொல்லாமல் போய்ப் பார்க்கும் தொலைவில் அது இருக்க வேண்டும். அப்படிப் போக முடியாத ஊரில் உள்ள இல்லம் எவ்வளவு வசதியானதாக இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலைமைக்கேற்ற தேர்வு

ஆக, என் வரிசை நோயின் கட்டத்தைப் பொறுத்தது. நடக்க முடிகிற வரை சொந்த வீடும் பகுதிநேர உதவியும். படுக்கையில் விழுந்த பிறகு, ஆள் வைத்துக்கொண்டு பிள்ளை வீட்டிலோ சொந்த வீட்டிலோ. ஆனால் டாமிங்கர் சொன்ன நான்கு படிகளையும் சுமக்கும் பொறுப்பு பெயரிட்டு ஒரு மகனிடமோ மகளிடமோ இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்த பெண்ணிடம் தானாகச் சரிந்துவிடக் கூடாது. நினைவு முற்றிலும் குலைந்த நிலையில், அருகிலுள்ள நல்ல இல்லம். ஊர் ஊராக முறை போடுவது எந்தக் கட்டத்திலும் கடைசி. சொத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் பேச்சு வந்தால், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு வழி தருகிறது. தீர்ப்பாயத்தைப் பற்றியோ அருகிலுள்ள உதவிகளைப் பற்றியோ கேட்க, முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

இவ்வளவு ஒப்பீட்டிலும் முதியவரின் குரல் எங்கே என்று கேட்கலாம். அவரிடம் "நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டால், "உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் செய்யுங்கள்" என்ற பதில்தான் வரும். எந்த இடத்தில் எதை உணர வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்பதற்கும் சமூக விதிகள் உண்டு என்று ஹோக்‌ஷீல்ட் 1979இல் எழுதினார். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று காட்டிக்கொள்வது நம் முதியவர்களுக்கு விதிக்கப்பட்ட விதி. அதனால் பெரிய கேள்வியை விட்டுவிட்டுச் சிறியவற்றைக் கேட்பது பலன் தரும். காலையில் முதல் காபி எத்தனை மணிக்கு வேண்டும், யார் குளிப்பாட்டினால் கூச்சம் இல்லை, எந்த டாக்டரை மாற்றக் கூடாது, யாரோடு வாரத்துக்கு ஒருமுறையாவது பேச வேண்டும், இரவில் விளக்கு எரியலாமா. இவற்றுக்குப் பதில் சொல்ல எந்த அம்மாவும் தயங்குவதில்லை. அந்தப் பதில்களோடு நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால், எது அவருக்கு ஆகாது என்பது பிள்ளைகளுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.